லண்டன் சுற்றாத மாம்பழக்கூழ்

எங்கள் ஊர் மாம்பழக்கூழ் லண்டன் போய்விட்டுத்தான் குவைத்துக்கு வருகிறது என்று அண்ணன் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாலசமுத்திரத்திலிருந்து சித்தூர் போவதற்கே எங்களுக்கு ஒழுங்காக பஸ் கிடையாது, கூழுக்கு மட்டும் லண்டன் யோகமா என்று கேட்டேன். அண்ணன் சிரிக்கவில்லை. லீவில் வந்திருந்தவன், அம்மா தட்டில் குவித்திருந்த கறியைக்கூட மறந்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தான்.

குவைத்தில் ஒரு மளிகை மொத்த வியாபாரியின் கிடங்கில் அவன் சரக்கு இறக்கும் வேலையில் இருந்தான். ஒருநாள் வந்த அட்டைப்பெட்டிகளில் மாம்பழக்கூழ் டப்பாக்கள் இருந்தன. பெட்டி மேல் லண்டன் முகவரி போட்டு ஒட்டிய ஒரு தாள். தாளின் ஓரம் பிய்ந்திருந்த இடத்தில் நகத்தை விட்டுக் கிளப்பிப் பார்த்தால், அடியில் எங்கள் சித்தூர்ப் பக்கத்து முத்திரை. பம்பாய்க்காரன் எங்களிடம் வாங்கி லண்டன்காரனுக்கு விற்கிறான். லண்டன்காரன் ஒரு தாளை ஒட்டி அரபிக்கு விற்கிறான். அரபி அதற்கு இரண்டு பேருக்கும் சேர்த்து அழுகிறான்.

நைனாவுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா காலத்தில் எங்கள் பக்கத்து வேர்க்கடலை வண்டி வண்டியாக ரயிலடிக்குப் போகுமாம். அங்கே வெள்ளைக்காரன் கம்பெனியின் ஏஜெண்ட் சொன்னதுதான் விலை. மதராஸில் கப்பல் ஏறி பிரான்ஸுக்குப் போய், அங்கே எண்ணெய் ஆகி, சோப்பாகவும் ஆகி, அந்தச் சோப்பு திரும்ப நம் ஊர்க் கடைக்கே வரும் என்று அவர் கதை சொல்வார். சுதந்திரத்துக்குப் பிறகுதான் கடலையை நம் ஊரிலேயே ஆட்டலாம் என்ற துணிச்சல் எங்களைப் போன்ற சின்னக் குடும்பங்களுக்கு வந்தது. நைனா மில் போட்டார். என் சின்ன வயது முழுக்க வீட்டிலும் துணியிலும் பள்ளிக்கூடப் பையிலும் கடலை எண்ணெய் வாசனைதான். சுதந்திரம் என்பது எனக்கு அந்த வாசனையோடுதான் ஞாபகம் இருக்கிறது.

பிறகு தாராளமயம் வந்தது. மலேசியாவிலிருந்து பாமாயில் கப்பல் கப்பலாக இறங்கியது. எங்கள் எண்ணெயில் பாதி விலைக்கு ரேஷன் கடையிலேயே கிடைத்தால் யார் எங்களிடம் வருவார்கள்? மில் முதலில் வாரத்தில் பாதி நாள் ஓடியது, பிறகு பண்டிகைக்கு ஓடியது, பிறகு நின்றது. நைனா தாடி வளர்த்துக்கொண்டு உட்காரும் ஆள் இல்லை. சுற்று வட்டாரத்தில் கடலைக்காட்டை அழித்துவிட்டு எல்லாரும் மாஞ்செடி வைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் மில் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, அதே ஷெட்டில் கூழ் எடுத்து டப்பாவில் அடைக்கும் மெஷினை வைத்தார்.

ஆனால் விற்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி, வருகிறவனுக்குக் கொடுப்பது. பம்பாய்க்காரன் வந்தான், கொடுத்தார். எனக்குத்தான் அண்ணன் சொன்னதைக் கேட்டு உடம்பெல்லாம் எரிந்தது. மலேசியாக்காரனும் நம்மைப்போல வெள்ளைக்காரனிடம் மாட்டிக்கொண்டு இருந்தவன்தானே. அவன் தன் எண்ணெயை நேராக நம் வாசலுக்கே கொண்டுவந்து விற்று எங்கள் மில்லையே மூடிவிட்டான். நாங்கள் மட்டும் இன்னும் லண்டனில் இறங்கிக் கும்பிடு போட்டுவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகவேண்டுமா? குவைத் எங்களுக்கு அடுத்த வீடுதான். பாலசமுத்திரத்தைச் சுற்றி எந்தத் தெருவில் கேட்டாலும் குவைத்தில் ஒரு ஆள் இருப்பான்.

அண்ணன் இதே கேள்வியை அவன் முதலாளியிடமே கேட்டுவிட்டு வந்திருந்தான். இது என் ஊர்ச் சரக்கு, நேராக வாங்கினால் என்ன என்று. முதலாளி அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு கண்டெய்னர் வரவழைத்துக் காட்டு என்றாராம். சரக்கும் காகிதமும் சரியாக இருந்தால் நீ உன் ஊரிலேயே இருந்துகொண்டு எனக்கு வாங்கி அனுப்பு, சம்பளம் நான் தருகிறேன் என்றாராம். சரியில்லை என்றால் கிடங்கிலேயே கிட, இந்தப் பேச்சை மறுபடி எடுக்காதே என்றும் சொல்லியிருக்கிறார்.

அம்மாவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். கண்டெய்னர் சரியாகப் போய்ச் சேர்ந்தால் மகன் வீட்டுக்கு வந்துவிடுவான். அவன் முதன்முதலாகக் கிளம்பியபோது மெட்ராஸ் விமான நிலையத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதவள் அவள். அவன் திரும்பிப் போன மறுநாளே அவன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு நல்ல இடத்தில் பெண் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, பையன் மாம்பழ சீசனுக்குள் ஊரோடு வந்துவிடுகிறான் என்று சொல்லியும் அனுப்பிவிட்டாள். நைனா கொஞ்சம் பொறு என்றதற்கு, நீங்கள் மெஷினைப் பாருங்கள், என் வேலையை நான் பார்க்கிறேன் என்று வாயை அடைத்துவிட்டாள்.

காகித வேலை என் தலையில். நான் திருப்பதியில் பி.காம். படித்துவிட்டு, மாப்பிள்ளை பார்க்கிறோம் என்ற பெயரில் வீட்டில் வைக்கப்பட்டிருந்தேன். எனக்குக் கணக்கு நன்றாக வரும், கோபம் அதைவிட நன்றாக வரும். ஏற்றுமதிக்கு இரண்டும் வேண்டும் என்று அந்த வருஷம் தெரிந்துகொண்டேன். ஏற்றுமதி எண் வாங்க வேண்டும், கூழைப் பரிசோதனைக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்க வேண்டும், கப்பலில் இடம் பிடிக்க வேண்டும். ஒரு காகிதத்தில் டப்பாவின் எடையில் ஒரு புள்ளி தவறினால்கூடத் துறைமுகத்தில் நிறுத்திவிடுவார்கள். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஃபேக்ஸ் வைத்திருந்த கடைக்காரர் என்னைப் பார்த்தாலே ஸ்டூலைத் துடைத்துப் போடும் அளவுக்கு அங்கேயே கிடந்தேன்.

பேங்கில் ஒரு அதிகாரி இருந்தார். குவைத்திலிருந்து பணம் எங்கள் கணக்குக்கு வருவதற்கான ஏற்பாட்டைப் பற்றிக் கேட்கப் போனால், ஃபைலைத் திறக்காமலே தெலுங்கில் ஆரம்பித்தார்.

“எந்துக்கம்மா இதந்தா? பம்பாய் வாள்ளு உன்னாரு கதா.”

எதற்கு இந்தப் பாடெல்லாம், பம்பாய்க்காரர்கள் இருக்கிறார்களே என்கிறார். பம்பாய்க்காரர்கள் பிறப்பதற்கு முன்னாலேயே எங்கள் பக்கம் மாமரம் இருந்தது சார் என்று நானும் தெலுங்கிலேயே சொன்னேன். அது உண்மையா என்று எனக்குத் தெரியாது, ஆனால் சொன்ன வேகத்தில் அவர் ஃபைலைத் திறந்துவிட்டார். மெட்ராஸில் எங்கள் சரக்குக்குத் துறைமுக வேலை பார்த்துக்கொடுத்த ஏஜெண்ட் மட்டும் முதல் நாளிலிருந்தே மரியாதையாக நடந்துகொண்டார். மரப்பலகையில் பட்டை ஒட்டியிருக்கக் கூடாது, வைக்கோல் போட்டு அடுக்கக் கூடாது, பூச்சி வரும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டு அப்படியே செய்தேன்.

சீசன் வந்தது. பெங்களூரா என்கிற கிளிமூக்கு மாங்காய் லாரி லாரியாக வந்து இறங்கியது. பழுக்கவைத்து, கழுவி, தோல் சீவி, கொட்டை நீக்கி, கூழாக்கிக் காய்ச்சி, டப்பாவில் ஊற்றி மூடி, வெந்நீர்த் தொட்டியில் இறக்கி எடுக்க வேண்டும். எண்ணெய் மில்லில் கடலை பொறுக்கிய அதே பெண்கள்தான் இங்கேயும். அம்மாதான் அவர்களுக்கு மேஸ்திரி. ஷெட்டுக்குப் பின்னால் கொட்டை மலையாகக் குவிந்து, ஈ மொய்த்து, அந்தப் புளித்த இனிப்பு வாசனை தலைமுடிக்குள் புகுந்துகொண்டால் சீயக்காய் போட்டாலும் போகாது. அந்த சீசனிலிருந்து நான் மாம்பழம் தின்பதை விட்டுவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அறுத்து வைப்பேன், அவ்வளவுதான்.

கண்டெய்னர் ஷெட்டு வாசலுக்கு வந்து நின்ற அன்று ஊரே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. அதில் ஒரு குடும்பமே குடியிருக்கலாம் போல இருந்தது. பெட்டிகளை அடுக்கி முடித்ததும் பூசை. எங்கள் பக்கம் டிராக்டரோ லாரியோ முதல் பயணம் கிளம்பினால் எப்படிச் செய்வோமோ அப்படியே செய்தோம். பூசணிக்காய் உடைத்தோம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம், கதவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தோம். அம்மா காலையிலேயே தோட்டத்துக்குப் போய் இளம் மாவிலையாகப் பறித்து வந்து தோரணம் கட்டி வைத்திருந்தாள். அதைக் கதவுக்கு வெளியே கட்டினால் காற்றில் பிய்ந்துவிடும் என்று உள்ளே, அட்டைப்பெட்டிகளுக்கு முன்னால், இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் கட்டினாள். இரண்டு பக்கமும் கொத்தாக வேப்பிலை வேறு. என் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா என்று பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டாள்.

அவள் ஏறி நின்ற ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். மரப்பட்டை, வைக்கோல் என்று பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்த எனக்கும் மாவிலை கண்ணில் படவே இல்லை. வைக்கோல் என்றால் சரக்கு, மாவிலை என்றால் சாமி. எங்கள் புத்தியில் இரண்டும் வேறு வேறு அறையில் இருந்தன. கண்டெய்னருக்கு முத்திரை வைக்க வந்திருந்த அதிகாரியும் கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுவிட்டுத்தான் முத்திரை வைத்தார். திருத்தணி ரோட்டில் லாரி திரும்பி மறையும்வரை எல்லாரும் நின்று பார்த்தோம்.

கப்பல் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய நாளுக்கு அண்ணனிடமிருந்து போன் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பிறகு ஒரு மத்தியானம் எஸ்.டி.டி. பூத்துக்காரரின் மனைவி ஓடிவந்து என்னைக் கூப்பிட்டாள். போனில் அண்ணன் குரல் வறண்டு போயிருந்தது.

“பெட்டிய நிறுத்தி வெச்சிக்கினு கீறாங்க பாப்பா. உள்ள எல கட்டினது யாரு?”

எனக்கு முதலில் புரியவே இல்லை. அவன் சொல்லச் சொல்லத்தான் விளங்கியது. குவைத் துறைமுகத்தில் கதவைத் திறந்த அதிகாரிக்கு முன்னால் காய்ந்துபோன மாவிலையும் வேப்பிலையும் தொங்கியிருக்கின்றன. காகிதத்தில் டப்பாவில் அடைத்த கூழ் என்று இருக்கிறது, இலை என்று எங்கும் இல்லை. வெளிநாட்டு இலையில் என்ன பூச்சி இருக்கிறதோ, சரக்கைத் திருப்பி அனுப்பு என்கிறார் அவர். அந்த ஊர் வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் டப்பா எத்தனை நாள் தாங்கும் என்பது வேறு. இத்தனைக்கும் நடுவில் அண்ணனின் முதலாளி வாயே திறக்கவில்லையாம். அதுதான் அவனுக்குப் பெரிய பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மாவிடம் மட்டும் மறைத்துவிடலாம் என்றார் நைனா. மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை, சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் மெட்ராஸ் ஏஜெண்டுக்குப் போன் போட்டேன், திருப்பதிக்கு ஓடினேன், பரிசோதனைச் சான்றிதழின் நகலை இன்னொரு முறை ஃபேக்ஸில் அனுப்பினேன். அது போதாதென்று, அந்த இலைகள் பூசைக்குக் கட்டியவை, சரக்கோடு சேர்ந்தவை அல்ல, எங்கள் செலவில் எந்த மருந்து வேண்டுமானாலும் அடிக்கச் சம்மதம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி நைனாவிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். கெஞ்சல் வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. நம் சரக்கு நல்ல சரக்கு என்று எனக்குத் தெரியும், அதற்கு எதற்குக் கெஞ்ச வேண்டும்?

அங்கே அண்ணன் செய்ததைப் பிற்பாடு அவனோடு வேலை செய்த நகரி ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் முழுதாகத் தெரிந்தது. அதிகாரியிடம் அவன் எதையும் மழுப்பவில்லை. இது என் அம்மா கட்டியது, எங்கள் ஊரில் நல்ல காரியத்துக்குக் கட்டுவோம், தெரியாமல் செய்தது என்று தனக்கு வந்த அரபியில் சொல்லியிருக்கிறான். பிறகு அனுமதி கேட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு, பெட்டி ஒவ்வொன்றையும் தானே கீழே இறக்கித் துடைத்திருக்கிறான். ஒரு இலைத் துணுக்கு இல்லாமல் கண்டெய்னரைக் கூட்டி, மருந்துப் புகை போட்டு, ஒவ்வொரு டப்பாவாகத் தட்டிப் பார்த்து, கெட்டு வீங்கியது இருக்கிறதா என்று சோதித்து மறுபடி அடுக்கியிருக்கிறான். ஒன்றுகூட வீங்கவில்லை. முதலாளி காரை ஓரமாக நிறுத்திவிட்டு அதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

எங்கள் ஊர் பூத்தில் லைன் செத்துக் கிடந்ததால், ஞாயிற்றுக்கிழமை காலை சித்தூரில் ஒரு பூத்துக்குப் போன் செய்கிறேன், எல்லாரும் வாருங்கள் என்று அண்ணன் திருப்பதி ஃபேக்ஸ் கடைக்குச் சொல்லி அனுப்பினான். அவனாகக் கூப்பிடுகிறான் என்றால் நல்ல சேதிதான் என்று நைனா வெள்ளை வேட்டியை எடுத்துக் கட்டினார். அம்மா தலைக்குக் குளித்து, கல்யாணத்துக்கு மட்டும் எடுக்கும் புடவையைக் கட்டிக்கொண்டாள். பஸ்ஸில் அவளே எல்லாருக்கும் டிக்கெட் எடுத்தாள். ஊத்துக்கோட்டைப் பெண் வீட்டுக்குச் சாயங்காலமே சொல்லிவிட வேண்டும் என்றாள்.

போனை நான்தான் முதலில் எடுத்தேன். கண்டெய்னரை விட்டுவிட்டார்கள் என்றான். டப்பாவைத் திறந்து பார்த்து, லண்டன் வழியாக வந்ததைவிட நன்றாக இருக்கிறது என்று முதலாளியே சொன்னார் என்றான். இனிமேல் லண்டன்காரனுக்கு ஆர்டர் கிடையாது, கூழ் அத்தனையும் எங்களிடமிருந்துதான். கேட்கக் கேட்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை. எங்கள் ஷெட்டிலிருந்து ஒரு பாதை நேராகக் கடலைத் தாண்டிப் போய்விட்டது, அதில் என் எழுத்தும் இருக்கிறது என்று பெருமை தாங்கவில்லை. நீ எப்போது கிளம்பி வருகிறாய் என்று கேட்டேன்.

அவன் முதலாளி சொன்னதைச் சொன்னான்.

“இங்கயே இருன்றாரு பாப்பா. பெட்டி எறங்கசொல்ல இங்க நம்ம ஆளு ஒருத்தன் நிக்கணுமாம். ஊர்ல உன் தங்கச்சி கீறாளே, அவ அனுப்ன பேப்பர்ல ஒரு தப்புகூட இல்ல, நீ எதுக்கு அங்கன்றாரு.”

அவன் குரலில் வருத்தம் இருந்ததா என்று உற்றுக் கேட்டேன். இல்லை. என்னை மெச்சித்தான் சொன்னான். நான் ஒரு இடத்திலாவது கொஞ்சம் தப்பாக எழுதியிருந்தால் அவன் ஊருக்கு வந்திருப்பானோ என்று ஒரு யோசனை ஓடியது. உடனே அதைத் தூக்கி எறிந்தேன். எனக்குத் தப்பாக எழுத வராது.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவன் சொல்வதை முழுதும் கேட்டாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, பூத்துக் கண்ணாடிக்கு வெளியே பஸ் ஸ்டாண்டைப் பார்த்தபடி நின்றாள். முதலாளியிடம் என்ன சொல்லட்டும், நீ சொன்னால் மறுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அவள் முந்தானையை எடுத்துவிட்டு நிதானமாகப் பேசினாள்.

“இரு கண்ணு. அத்தினி பொட்டியயும் தனியா எறக்கித் தொடச்சேன்றியே. இன்னொருத்தன் அப்டி செய்வானா? நீயே இரு. வேளைக்குத் துன்னு.”

நைனா போனை வாங்கவே இல்லை. பூத்துக்காரரிடம் போய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே நின்றுகொண்டார். திரும்பும் பஸ்ஸில் அம்மா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். ஊத்துக்கோட்டைக்கு என்ன சொல்வது என்று நைனா மெதுவாகக் கேட்டதற்கு, மாப்பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொல்லுங்கள், இஷ்டம் இருந்தால் கொடுக்கட்டும் என்றாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன். பெருமையும் இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

பாலசமுத்திரத்தில் இறங்கியதும் அம்மா வீட்டுப் பக்கம் போகாமல் நேராக ஷெட்டுக்கு நடந்தாள். அண்ணன் வந்தால் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதற்கென்று நைனா ஒரு மேசை செய்யச் சொல்லி, அது வந்து வாசலிலேயே கிடந்தது. அதன் மேலிருந்த தூசியை அந்தக் கல்யாணப் புடவையாலேயே துடைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

“அவன் எடத்துல நீ ஒக்காந்துட்ட. இனிமே ஒழுங்கா ஒக்காரு.”

உட்கார்ந்தேன். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. நைனா போய்ச் சேர்ந்தார், ஷெட் பெரிதாகிவிட்டது, அண்ணன் தலை நரைத்து அங்கேயே பெரிய ஆளாகிவிட்டான். நான் இன்னும் எழுந்திருக்கவில்லை.